தப்பு என் மேலதான்

போன வாரம், மெஷினுக்கு வசனம் எழுதும் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெண். வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறதாம். "மேடம், கஸ்டமர் கெட்ட வார்த்தைல திட்டினா மெஷின் என்ன பதில் சொல்லணும்? இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுதித் தரச் சொல்லிட்டாங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். சொல்லவில்லை. அந்தப் பெண் எதையோ எழுதிக் கொடுத்திருப்பார்.

அதே கேள்விக்கு நான் ஒருமுறை பதில் எழுதியிருக்கிறேன். நல்ல பதில் என்று கைதட்டினார்கள். அதனால் என்ன ஆனது என்பதைச் சொல்லாமல், உங்களுக்கு இப்படி எழுதுங்கள், அப்படி எழுதுங்கள் என்று யோசனை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

என் பெயர் நூர்ஜஹான். பாலக்கரைக்காரி. தில்லை நகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருடம் போன் எடுத்தேன். அதற்குப் பிறகு ஆறு வருடம், மனிதர்களுக்குப் பதிலாகப் போன் எடுக்கும் மெஷினுக்கு வசனம் எழுதினேன். இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறேன்.

மருத்துவமனையிலிருந்து என்னை அழைத்துப் போனவர் கார்த்திக். அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை அவருக்கு. அவருடைய அப்பா எங்கள் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, ஒரு நோயாளியின் அண்ணன் என் மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்ததை நின்று பார்த்திருக்கிறார். பத்து நிமிடத்தில் அந்த ஆள் அடங்கி, என்னிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். கார்த்திக் வந்து, "அக்கா, நீங்க பேசினதைத்தான் நான் மெஷினுக்குச் சொல்லித் தரணும். எங்க கம்பெனிக்கு வர்றீங்களா?" என்று கேட்டார். ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்த கம்பெனி. என் வயதில் அங்கே யாரும் இல்லை. எல்லோருக்கும் நான் நூரக்கா.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, மிக்ஸி, கிரைண்டர், அடுப்பு விற்கும் ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் நம்பர். பொருள் பழுதானால் அந்த நம்பருக்குக் கூப்பிடுவார்கள். இனிமேல் மெஷின் எடுத்துப் பேச வேண்டும், தமிழில், மனுஷி பேசுவது போல. அந்த நிறுவனத்தின் மேலாளர் சென்னையிலிருந்து வந்து எங்கள் மாடியில் உட்கார்ந்து, என்ன வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார்.

"பொண்ணு குரல். இருபத்தஞ்சு வயசு. குரலைக் கேட்டாலே சிரிச்ச முகம் தெரியணும். கிராமத்துப் பொண்ணாவும் இருக்கக் கூடாது, ரொம்பப் படிச்ச பொண்ணாவும் தெரியக் கூடாது. பேரு மலர்னு வச்சுடலாம்."

கார்த்திக் எழுதிக்கொண்டார்.

"ஒரே ஒரு இடத்துல மட்டும் ஆம்பளைக் குரல் வேணும். வாரண்டி முடிஞ்சுபோச்சு, இனிமே ஃப்ரீயா பாக்க முடியாதுன்னு சொல்ற இடம். அதைப் பொம்பள சொன்னா பேரம் பேசுவாங்க."

அந்த அறையில் என்னோடு சேர்த்து நாலு பெண்கள் இருந்தோம். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு அது வித்தியாசமாகக்கூடத் தோன்றவில்லை. மருத்துவமனையிலும் அதுதானே வழக்கம். மன்னிப்புக் கேட்பது என் மேசையில், முடிவு சொல்வது டாக்டர் அறையில். மெஷினிலும் அப்படியே வைக்கச் சொல்கிறார்கள், நியாயம்தான் என்றுதான் நினைத்தேன்.

ஆண் குரலுக்கு ஆள் தேடவில்லை. கார்த்திக்கே ஒரு மத்தியானம் உட்கார்ந்து நாலு வரியைப் படித்துக் கொடுத்துவிட்டார். மலருக்குத்தான் தேடினோம். பதினாலு பேர் வந்தார்கள். கடைசியாக வந்தவள் வைதேகி.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். முப்பத்திமூன்று வயது. உத்தர வீதியில் மாமியார் வீட்டோடு இருந்தாள். ஒரு பெண் குழந்தை. அவள் வாயைத் திறந்ததும் கார்த்திக் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழுந்தது. எதற்காக இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்காத்துல நான் பேசினா ஒருத்தரும் காது குடுத்துக் கேக்க மாட்டா மேடம். ஊர்ல இருக்கறவாளாவது கேக்கட்டுமேன்னுதான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

பள்ளி விடுமுறையில், மே மாதத்தில், இருபது நாள் ஒலிப்பதிவு செய்தோம். ஸ்டுடியோ என்று ஒன்றும் இல்லை. பின்னறையின் சுவர்களில் மெத்தைகளைச் சாய்த்துக் கட்டியிருந்தோம். சத்தம் வரும் என்பதால் ஃபேனை நிறுத்திவிட வேண்டும். வைதேகி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, பக்கம் பக்கமாக வாக்கியங்களைப் படிப்பாள். நான் எதிரில் உட்கார்ந்து திருத்துவேன். மத்தியானம் அவள் தயிர்சாதம், நான் என் டப்பா. மூன்றாம் நாளிலிருந்து மேடம் போய் அக்கா ஆனேன்.

அவள் குரலில் ஒரே ஒரு குறை என்று நாங்கள் நினைத்தது, அதில் இருந்த உறுதி. முப்பது குழந்தைகளை ஒரே வார்த்தையில் உட்கார வைக்கிற குரல் அது. மேலாளர் மாதிரியைக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் அதட்டுற மாதிரி இருக்கே" என்றார். அதை எடுக்க வேண்டியது என் வேலை.

"வைதேகி, டீச்சர் வந்துட்டாங்க பாரு. அவங்களை வெளிய அனுப்பு. இன்னும் கொஞ்சம் பணிவா. இழுத்து, கெஞ்சற மாதிரி."

"டீச்சர் போயிட்டா அப்புறம் யாருக்கா பேசறது?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். ஒரே வரியை அன்றைக்குப் பதினோரு தடவை சொல்ல வைத்தேன். பதினோராவது தடவை டீச்சர் போய்விட்டார்.

அந்த இருபது நாளுக்குப் பிறகு அவள் வரவே தேவையில்லை. அவள் படித்ததிலிருந்து கற்றுக்கொண்டு, அவள் படிக்காததையும் மெஷின் அவள் குரலிலேயே சொல்லும். நாம் எதை எழுதிக் கொடுத்தாலும் சொல்லும். இதை அவளிடம் தெளிவாகச் சொன்னோமா என்று கேட்டால், காகிதத்தில் இருந்தது. ஆங்கிலத்தில், ஆறு பக்கம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரல் வைத்துக் காட்டியது நான்தான். அவள் இரண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டு, "மிக்ஸி கம்பெனிதானே அக்கா, என்ன வந்துடப் போறது" என்று போட்டுக் கொடுத்தாள்.

மலர் பேச ஆரம்பித்தாள். தினமும் காலையில், முந்தின நாள் எந்த அழைப்பெல்லாம் பாதியில் நின்றதோ அந்த ரெக்கார்டிங்குகளைக் கேட்பது என் பொறுப்பு. முதல் வாரத்திலேயே தெரிந்துபோனது, பாதி அழைப்புகள் கோபத்தில் நிற்கின்றன. கெட்ட வார்த்தை வந்தால் மெஷினுக்குப் புரியாது. அப்போது, "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை, மறுபடியும் சொல்லுங்கள்" என்று சொல்லும். திட்டியவர் மறுபடியும் சொல்வார். இன்னும் சத்தமாக. "மன்னிக்கவும், மறுபடியும் சொல்லுங்கள்." மூன்று தடவை, நாலு தடவை.

பெண்களும் கோபப்பட்டார்கள். ஒரு அம்மாவின் குரல் இன்னும் எனக்கு மறக்கவில்லை. "நீயும் ஒரு பொம்பளதானே? மூணு நாளா கிரைண்டர் ஓடலன்னா வீட்ல என்ன பேச்சு கேக்கணும்னு உனக்குத் தெரியாதா?" என்று மெஷினிடம் கேட்டார். மலர், "உங்கள் பத்து இலக்க எண்ணைச் சொல்லுங்கள் சார்" என்றாள். கூப்பிடுகிறவர் எல்லோரும் சார் என்றுதான் நான் எழுதியிருந்தேன். அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

இன்னொரு அழைப்பு, சமயபுரத்தில் ஜூஸ் கடை வைத்திருக்கும் ஒருவர். மிக்ஸி எரிந்துபோய்விட்டது. மலரை மூன்று நிமிடம் திட்டினார். அவள் அம்மாவையும் சேர்த்துத் திட்டினார். பிறகு மெஷின் அவரை வாரண்டிக் குரலுக்கு மாற்றியது. கார்த்திக்கின் குரல், "உங்கள் வாரண்டி முடிந்துவிட்டது. இலவசமாகப் பழுது பார்க்க இயலாது" என்று சொன்னது. உடனே அவர், "சரிங்க சார். பரவால்லங்க சார். பாத்து ஏதாவது பண்ணுங்க சார்" என்றார். இரண்டும் ஒரே மெஷின். நான் இதை ஆபீஸில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். கார்த்திக்கை இரண்டு நாள் எல்லோரும் "சரிங்க சார்" என்று கேலி செய்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மேலாளர் வீடியோவில் வந்தார். திட்டுகிறவர்கள் புகாரை முடிக்காமலேயே வைத்துவிடுகிறார்கள், மலர் ஏதாவது பதில் சொல்லி அவர்களைப் பிடித்து வைக்க வேண்டும் என்றார். ஐந்து மணிக்கு அவர்களுடைய முதலாளி கேட்கப் போகிறார். அதற்குள் வேண்டும்.

நான் ஏற்கெனவே ஒன்று எழுதி வைத்திருந்தேன். "இப்படிப் பேசினா என்னால உதவி செய்ய முடியாது. மரியாதையா சொல்லுங்க, நான் கேக்கறேன்." மெஷினில் ஏற்றிப் போட்டுக் காட்டினோம். அந்த ஒரு வரியில் வைதேகியின் பழைய குரல் எப்படியோ திரும்பி வந்திருந்தது.

மேலாளர் முகம் மாறியது. "என்னங்க இது? கஸ்டமரைப் பாத்து மரியாதையா பேசுன்னு மெஷின் சொல்லுமா? அதுவும் பொண்ணு குரல்ல? நாளைக்கு ஒருத்தன் நம்ம பொருளை வாங்குவானா?"

கார்த்திக் என்னைத் திரும்பிப் பார்த்தார். மணி நாலே முக்கால். "அக்கா, மருத்துவமனையில என்ன சொல்வீங்களோ அதை எழுதுங்க. யோசிக்காதீங்க."

நான் யோசிக்கவில்லை. அதுதான் நடந்தது. கை தானாக எழுதியது. "கோபப்படாதீங்க சார். தப்பு என் மேலதான். இனிமே நீங்க சொல்ற மாதிரியே நடந்துக்கறேன்."

அந்த வரி எனக்குப் புதிதில்லை. என் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்த பதினாறு வருடமும் வெள்ளிக்கிழமை போனில் நான் சொன்ன வரி அது. பணம் வந்ததா, பிள்ளைகள் படிக்கிறார்களா, ஏன் உன் தங்கை வீட்டுக்குப் போனாய் என்று எதைக் கேட்டாலும் அதில்தான் முடியும். மருத்துவமனையிலும் அதையே தொழிலாகச் செய்தேன். தப்பு என் மேல் இருக்க வேண்டும் என்பதில்லை. சொன்னால் எதிராளி அடங்குவார், அவ்வளவுதான்.

போட்டுக் காட்டினோம். மேலாளர் கைதட்டினார். "இதான் மலர்!" என்றார். ஐந்து மணிக்கு முதலாளியும் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். "நூரக்கா கைல ஏதோ இருக்கு" என்று கார்த்திக் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்று சாயங்காலம் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அதை உங்களிடம் மறைக்கக் கூடாது.

கோபத்தில் திட்டுகிறவனுக்கும், ஆபாசமாகப் பேசுகிறவனுக்கும் மெஷின் ஒரே பதிலைத்தான் சொல்லும் என்பது எனக்குத் தெரியும். கெட்ட வார்த்தை என்று ஒரே பெட்டி, அதற்கு ஒரே பதில். அந்தக் கால் மணி நேரத்தில் அது என் புத்திக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் மணி நாலே முக்கால் ஆகியிருந்தது.

ஒரு மாதத்தில் அழைப்புகள் கூடின. மிக்ஸிக்காக இல்லை. இளவட்டங்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. எதைக் கேட்டாலும் மலர், இனிமே நீங்க சொல்ற மாதிரியே நடந்துக்கறேன் என்று சொன்னாள், அந்தப் பதினோராவது தடவைக் குரலில். ஒருவன் அதைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் விட்டான். எனக்கு அது எங்கள் சொந்தக்காரர்கள் குழுவிலேயே வந்து சேர்ந்தது, சிரிக்கும் முகங்களோடு.

நான் ஓடிப்போய் கார்த்திக்கிடம் காட்டினேன். அவருக்கும் முகம் செத்துப்போனது. உடனே மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர், "நல்லதுதானே, பேரு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்" என்றாராம்.

வைதேகி ஒரு மத்தியானம் ஆபீஸுக்கு வந்தாள். மெத்தைகள் இருந்த அந்தப் பின்னறையில் உட்கார்ந்தோம். பள்ளிக்கூட வாசலில் குழந்தையை அழைத்துப் போக வந்த ஒரு அப்பா, "மலரு, எம் பையன் எங்க?" என்று கேட்டாராம். கூட நின்ற இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். ஆண்டு விழாவில் மைக்கை இந்த வருடம் வேறு டீச்சரிடம் கொடுத்துவிடலாம் என்று தலைமையாசிரியை நயமாகச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் அவள் ஏதோ யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள்.

"நேத்திக்கு எங்காத்துல ஒரு சண்டை அக்கா. ஆத்துக்காரர் ஸ்கூலை விட்டுடுன்னார். மாட்டேன்னேன். போனை எடுத்தார். அந்த நம்பரைப் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சார். என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் அதுகிட்ட திட்டினார். எம்பேரைச் சொல்லியே திட்டினார். அது சொல்லித்து. தப்பு என் மேலதான், இனிமே நீங்க சொல்ற மாதிரியே நடந்துக்கறேன்னு. என் குரல்ல அக்கா. மாமியார் உக்காந்துண்டிருந்தா. எம்பொண்ணு உக்காந்துண்டிருந்தா. போனை வெச்சுட்டு என்னைப் பாத்து, 'இப்படிப் பேசத் தெரியறதே உனக்கு'ன்னார்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த வார்த்தையை யாரு அக்கா எழுதினா?"

அவள் என்னை நேராகப் பார்த்துத்தான் கேட்டாள். என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நான் அவள் பக்கம் இருப்பவள் என்று நம்பித்தான் கேட்டாள்.

"கம்பெனில எழுதினாங்கம்மா" என்றேன்.

"அவாகிட்டச் சொல்லி என் குரலை எடுத்துடச் சொல்லுங்கோ. நான் வேற ஒண்ணும் கேக்கலை."

கார்த்திக் கெட்டவர் இல்லை. அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, பொறுமையாகத்தான் விளக்கினார். முழு சர்வீஸும் அந்தக் குரலின் மேல் நிற்கிறது. மாற்றுவது டெக்னிக்கலாக முடியாத காரியம். ஒப்பந்தத்தில் அவள் குரலை எத்தனை காலம் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது, முடிவுத் தேதி இல்லை. "ஸாரி சிஸ்டர்" என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம் இருந்தது.

அவள் எழுந்து போவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. "குரலைக் கொஞ்சம் மாத்தி வச்சுடலாமே தம்பி? சுருதியை ஏத்தினா யாருக்கும் அடையாளம் தெரியாது" என்றேன். நல்ல யோசனை என்றார்கள். ஒரு வாரத்தில் ஏற்றினார்கள். அதோடு திட்டுக்குச் சொல்லும் பதிலையும் மாற்றுங்கள் என்று நான் கேட்டேன். மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. சுருதி ஏறியதும் மலர் பத்தொன்பது வயதுப் பெண் போல ஆகிவிட்டாள். அந்த மாதிரி அழைப்புகள் முன்னைவிட அதிகமாக வந்தன. காலையில் உட்கார்ந்து அவற்றைக் கேட்டது நான்தான், என் யோசனையின் பலன் என்று தெரிந்தே கேட்டேன். வைதேகிக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை. வாட்ஸ்அப்பில் பழைய குரல்தானே சுற்றிக்கொண்டிருந்தது. ஆண்டு விழாவுக்கு முன்பே அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

எட்டு மாதம் கழித்துக் கார்த்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு கே.கே. நகர். மாமனார் தன் வீட்டு அடுப்புக்காகச் சர்வீஸ் நம்பரைக் கூப்பிட, லைனில் மாப்பிள்ளையே வந்து வாரண்டி முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். இரண்டு குடும்பத்திலும் ஒரே சிரிப்பு. கார்த்திக்குக் கூச்சமாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் பிள்ளைகள் குரலை மாற்ற உட்கார்ந்தார்கள். சாயங்காலம் வாரண்டிக்கு வேறு ஒரு ஆண் குரல் பேசியது.

நான் அவர் அறைக்குப் போனேன்.

"தம்பி, உங்க குரலை ஒரே நாள்ல எடுத்துட்டீங்க."

"ஆமாக்கா. எடுக்கலன்னா ஆயுசுக்கும் ஓட்டுவாங்க."

"வைதேகி கேட்டப்ப முடியாதுன்னீங்களே."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தார். "அது வேறக்கா. என்னுது நாலு வரி. மலர்ங்கறது அவங்களுக்கு பிராண்டு. முடியாதுன்னா... கஷ்டம்னு அர்த்தம்."

அங்கே நின்று நான் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியங்கள் இப்போது எனக்கு எத்தனையோ தெரியும். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. வேலையை விட்டிருந்தால் பட்டினி கிடந்திருக்க மாட்டேன், இரண்டு பிள்ளைகளும் சம்பாதிக்கிறார்கள். பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. அடுத்தவர் முகம் கோணினால் தாங்காத பழக்கம், அவ்வளவுதான். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது, வாடிக்கையாளர்களுக்கு மலர் சொல்ல வேண்டிய பொங்கல் வாழ்த்து. எழுதிக் கொடுத்தேன்.

ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள். கேக் வெட்டும் நேரத்தில் ஆபீஸ் பிள்ளைகள் ஒரு ஆச்சரியம் வைத்திருந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டார்கள். "நூரக்கா, நீங்க இல்லாம நான் எப்படிப் பேசப் போறேன்?" சுருதி ஏற்றாத, பழைய குரல். வைதேகி என்னை அக்கா என்று கூப்பிடுவதே போல இருந்தது. அவள் அப்படி ஒரு வரியைச் சொன்னதே இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நான் அழுதேன். பாசத்தில் அழுகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

இந்த மாதிரி கட்டுரைகளில் ஒரு பாடம் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். நெருக்கடியில் கைக்குச் சுலபமாக ஒரு வரி வந்து விழுந்தால் சந்தேகப்படுங்கள். அது உங்கள் திறமையாக இருக்காது. உங்களை யாரோ அடித்துப் பழக்கிய வரியாக இருக்கும். அதை மெஷினுக்குக் கொடுத்தால், அது களைப்பில்லாமல் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும், உங்களுக்கு அலுத்த பிறகும் சொல்லும். கேட்டு வளரும் பிள்ளைகள், பெண் என்றால் இப்படித்தான் பதில் சொல்வாள் என்று எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் எழுத மறுத்தால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் வாங்கிக்கொள்வார்கள். அவருக்கும் அந்த வரி தெரிந்திருக்கும். நம்மில் யாருக்குத் தெரியாது? அதனால் உங்களுக்கு நம்பிக்கையாக ஒன்றும் சொல்ல என்னிடம் இல்லை. யாரும் சொல்லவில்லை என்று நீங்கள் நாளைக்குச் சொல்லக் கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்று ஒரு மாதம் கழித்து, அந்த வரியை எழுதியது நான்தான் என்று வைதேகியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து ஸ்ரீரங்கம் போனேன். பஸ்ஸில் போகும்போது எப்படி ஆரம்பிப்பது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். உத்தர வீதி வீட்டில் மாமியார் மட்டும் இருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. "காய் வாங்கப் போயிருக்கா" என்றார்.

தெருமுனை தாண்டி ஒரு தள்ளுவண்டி நின்றது. ஜீயபுரம் பக்கத்திலிருந்து வாழைக்காயும் கத்தரிக்காயும் கொண்டுவந்து விற்கிறவர். வைதேகி வண்டியின் அந்தப் பக்கம் நின்றாள். இளைத்திருந்தாள். கத்தரிக்காயைக் காட்டி ஒரு விரல் நீட்டினாள். அவர் ஒரு கிலோ நிறுத்துப் போட்டார். வாழைக்காயைக் காட்டி மூன்று விரல். அவர் "கருவேப்பில வேணுமாம்மா?" என்று சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டார். அவள் தலையசைத்தாள்.

திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டாள். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகவும் இல்லை, அடையாளம் தெரியாதது போலவும் இல்லை. யார் எழுதினார்கள் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். நான் பின்னால் போகவில்லை.

வண்டிக்காரர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "தெரிஞ்சவங்களாம்மா? பாவம், நல்ல பொண்ணு. பேச்சுதான் வராது. ஒரு வருசமா எங்கிட்டதான் வாங்குது. கையக் காட்டும், நான் எடுத்துப் போடுவேன்." தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "பொறந்ததுலேருந்தே இப்படித்தானாம்மா?"

"ஆமாங்க" என்றேன்.